சத்தம் போடாத பெட்டி

அவருக்குக் கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதித்துப் பார்த்துக் கண்ணாடி கொடுப்பது தொழில். ஆளை இருட்டறையில் உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான ஒரு சோதனைச் சட்டத்தை ஏற்றி, ஒரு வில்லையைப் போட்டு "இது ஒண்ணு" என்பார். அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு "இது ரெண்டு" என்பார். "எது தெளிவா இருக்கு, ஒண்ணா ரெண்டா? யோசிக்காதீங்க, டக்குனு சொல்லுங்க. யோசிச்சா கண்ணு குழப்பிடும்." நாள் முழுவதும் ஊரையே இப்படி முடிவெடுக்க வைக்கும் மனிதர், வீட்டுக்கு வந்தால் ஒரு வாளிகூட வாங்க மாட்டார். எந்த வாளி நல்ல வாளி என்று ஆராய்ந்துகொண்டே இருப்பார். அதற்குள் பழைய வாளி உடைந்து, மனைவியே போய் ஒன்றை வாங்கி வந்துவிடுவாள். மனைவியின் தம்பி அவருக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர் வைத்துவிட்டான். நாம் மரியாதைக்கு ஒரு 'யார்' சேர்த்துக்கொள்வோம்.

ஆராய்ச்சியார் புத்தக அலமாரி செய்வதற்காக வாங்கிய பலகைகள் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. எந்த ஆணி, எந்த வண்ணம் என்பதில் அது நின்றுபோயிற்று. அதற்கு அடுத்ததாக அவர் தலையில் ஏறிய பூதம்தான் இந்தப் பதிவுக் கணினி. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தானே பதிவு செய்துவைத்து, வேண்டும்போது போட்டுக் காட்டும் கணினி. கடையில் விற்கிற பதிவுப் பெட்டி அவருக்கு ஆகாது. "அவன் இஷ்டத்துக்கு ரெண்டு நாள் வெச்சிருந்து அழிச்சிடுவான். நாமே பார்த்துப் பார்த்து ஒவ்வொண்ணா வாங்கிக் கோத்தா நம்ம பேச்சைக் கேக்கும்" என்பார்.

நோக்கம் நல்ல நோக்கம்தான். மனைவி தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். விடியுமுன் எழுந்து போகிறவள், சாயங்காலமே கூடத்துச் சோபாவில் தூங்கிவிடுவாள். பிடித்த நிகழ்ச்சி ஒன்றையும் முழுதாகப் பார்த்ததில்லை. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "கூடத்துல வெக்கிறதுன்னா அது உறுமக் கூடாது, மினுக்கக் கூடாது. இருக்கிற இடமே தெரியக் கூடாது. சொல்லிட்டேன்."

ஆராய்ச்சியார் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். முதல் வேலையாக அட்டையில் ஒரு பெட்டி செய்து டிவிக்குக் கீழே வைத்தார். அளவு சரியாக இருக்குமா என்று பார்க்கத்தானாம். அந்த அட்டைப்பெட்டி அங்கேயே குடியேறிவிட்டது. மனைவி வாரம் தவறாமல் அதன்மேல் தூசி தட்டினாள். மச்சினன் வரும்போதெல்லாம் அதன்மேல் ரிமோட்டை வைப்பான். "சத்தமே இல்ல, வெளிச்சமும் இல்ல. அக்கா கேட்ட மாதிரியே செஞ்சுட்டீங்க அத்தான். பதிவு மட்டுந்தான் பாக்கி" என்பான்.

இப்படி ஒரு பருவம் போய் இன்னொரு பருவமும் வந்த வேளையில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. சின்ன சேனல் ஒன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நேரடியாக நடத்தும் பொது அறிவுப் போட்டிக்கு மனைவி எப்போதோ விண்ணப்பித்திருந்தாள். அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உலகத்தில் எந்த ஊர் எந்த மூலையில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவளை விட்டுவிட்டு யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்?

விஷயம் என்னவென்றால், அந்த நிகழ்ச்சியை ஒரே ஒரு தடவைதான் காட்டுவார்கள். மறுஒளிபரப்பு கிடையாது, இணையத்திலும் போட மாட்டார்கள். கணவனும் தம்பியும் பார்வையாளர் வரிசையில் உட்கார வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் மனைவி தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள். "என்னங்க, நம்ம வீட்டு போட்டோ எதுலயாவது நான் இருக்கேனா? எல்லாத்தையும் எடுத்தது நான். நான் பேசினா எப்படி இருப்பேன், சிரிச்சா எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. மேடையில ஏறிட்டா பதட்டத்துல ஒண்ணும் மனசுல நிக்காது. நீங்க பிடிச்சு வெச்சாத்தான் நான் பார்க்க முடியும். செய்வீங்களா?"

"அத்தான், ஒரு போனை டிவி முன்னாடி சாய்ச்சு வெச்சா முடிஞ்சது" என்றான் தம்பி.

"நான் அவரைக் கேட்டேன்" என்றாள் அக்கா.

ஆராய்ச்சியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் இதுவரை தனக்கென்று எதையும் அவரிடம் கேட்டதில்லை. செய்யாமல் விட்டால் சத்தம் போடுவாளா என்றால் அதுவும் இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பலகைகளைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டுகிறவளாக இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். இவள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாள், அதுதான் அவருக்குப் பயம்.

"செஞ்சுடறேன்" என்றார். சொன்ன கையோடு தான் சேர்த்துவைத்திருந்த விவரத் தாள்களை எல்லாம் மேசையில் பரப்பினார். எதை வாங்குவது என்று நடுச்சாமம் வரை தலையைப் பிய்த்துக்கொண்டார். மறுநாளும் அதே கதைதான். மூன்றாம் நாள் மனைவி அவர் கடைப்பையைத் திறந்து, சோதனைச் சட்டத்தை எடுத்து வந்து அவர் மூக்கில் மாட்டினாள்.

"என்னம்மா இது?"

"நேரா உட்காருங்க." மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "பெட்டி. உள்ள காத்தாடி வெச்சது ஒண்ணு. காத்தாடியே இல்லாதது, வெறும் இரும்புத் தகடாலயே சூட்டை வெளிய விடறது ரெண்டு."

"அதுல பாரு, காத்தாடி இல்லேன்னா வெயில் காலத்துல..."

"யோசிக்காதீங்க. டக்குனு சொல்லுங்க. ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு" என்றது அவர் வாய்.

"பதிவாகிற வட்டு. வேகமா சுத்தறது ஒண்ணு. மெதுவா, சத்தமில்லாம சுத்தறது ரெண்டு."

"ரெண்டு."

"கணினியோட மூளை. பெருசு ஒண்ணு, சின்னது ரெண்டு."

"பெரிய கணக்கு எதுவும் போடப் போறதில்ல, ஆனா நாளைக்கு..."

"ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு."

"ட்யூனர். ஒரு சேனல் மட்டும் பிடிக்கிறது ஒண்ணு. ஒண்ணைப் பதிவு செய்யறப்பவே இன்னொண்ணைப் பார்க்க விடறது ரெண்டு."

"ரெண்டு. இதுக்கு யோசிக்கவே வேண்டாம்."

தம்பி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். மேசையில் கடைசியாக ஒரு தாள்தான் இருந்தது. மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பேட்டரிப் பெட்டி. "இது எதுக்கு அத்தான்? இந்தத் தெருவுல கரண்ட் போயி எத்தனை காலமாச்சு? தண்டம்" என்றான்.

"பேட்டரியோட ஒண்ணு. பேட்டரி இல்லாம ரெண்டு" என்றாள் மனைவி.

மச்சினன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நியாயம் மண்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாய் முந்திக்கொண்டது. "ஒண்ணு."

அந்த வாரமே எல்லாம் வந்து சேர்ந்தன. அட்டைப்பெட்டியை மரியாதையோடு அகற்றிவிட்டு, ஆராய்ச்சியார் மேசையில் துணி விரித்துக் கோத்தார். கண்ணாடிச் சட்டத்தின் பொடித் திருகுகளோடு பழகிய கை, வேலை சுத்தமாக நடந்தது. பதிவு இல்லாத நேரத்தில் கணினி தூங்கிவிடும். குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால் தானே விழித்துக்கொண்டு, பதிவு செய்துவிட்டு மறுபடி தூங்கும். மினுக்கிய சின்ன விளக்கின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டினார். மின்சாரம் நின்றால் பேட்டரிப் பெட்டி கீச்கீச்சென்று கத்தும் என்று தெரிந்ததும் அதன் வாயையும் அடைத்தார்.

மனைவி பெட்டியருகே போய்க் கண்ணை மூடி நின்றாள். "சரி, போடுங்க பார்ப்போம்."

"போட்டாச்சு. வானிலைச் செய்தி பதிவாகிட்டிருக்கு."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஆராய்ச்சியாருக்குத் தரையில் கால் பாவவில்லை.

"உயிரோட இருக்கா இல்லையானே தெரியலையே அத்தான். மூக்குகிட்ட விரல் வெச்சுத்தான் பார்க்கணும்" என்றான் மச்சினன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சியார் வீட்டுக்குள் எந்த வழியாகப் போனார் என்று கண்டுபிடிக்க வேண்டுமா? விளக்கு எரிகிற வழியைப் பின்பற்றினால் போதும். அவர் போட்ட சுவிட்சை அவர் அணைத்ததாகச் சரித்திரம் இல்லை. மனைவிக்கோ வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்க வேண்டும். டிவி, சார்ஜர், தேய்ப்புப் பெட்டி எல்லாவற்றையும் சுவரிலேயே அணைத்துவிட்டுத்தான் படியிறங்குவாள். "லைட்டு, லைட்டு" என்று அவள் சொல்லிக்கொண்டே பின்னால் வருவதும், இவர் "மறந்துட்டேம்மா" என்பதும் அந்த வீட்டில் அன்றாடம் கேட்கிற பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியும் தம்பியும் முன்னதாகவே கிளம்பினார்கள். அவளுக்கு ஒப்பனை, ஒத்திகை என்று என்னென்னவோ இருந்தன. ஆராய்ச்சியார் பதிவு நேரத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டுக் கடைசியாகப் புறப்பட்டார். கதவைப் பூட்டப் போனவர் ஒரு நிமிடம் நின்றார். இன்றைக்கு அவளுக்கு எவ்வளவு பெரிய நாள். இன்றைக்காவது திரும்பி வந்து பார்க்கிறபோது அவள் மனம் குளிரட்டுமே என்று மறுபடி உள்ளே போனார். குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அணைத்தார். சமையலறையிலும் ஒன்று, அதையும் அணைத்தார். படுக்கையறையில் மின்விசிறி. கூடத்தில் சுவரோடு வரிசையாக இருந்த சுவிட்சுகளை விரல் ஒரே ஓட்டமாகத் தட்டிக்கொண்டு போயிற்று. வீடு கப்சிப்பென்று அடங்கியது. கதவைப் பூட்டிக்கொண்டு சீட்டியடித்தபடி படியிறங்கினார்.

அரங்கத்தில் போனை எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சியாரும் மச்சினனும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் நீல விளக்கின் கீழே மனைவி வேறு யாரோ போல உட்கார்ந்திருந்தாள். பயந்த மாதிரியே தெரியவில்லை. தொகுப்பாளர் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்திக்கொண்டு வந்தார். இவள் முறை வந்தது.

"தபால் பிரிக்கிறவங்க. சரி, வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"கண் பார்க்கிறவர். ஊர் முழுக்க அவராலதான் கண்ணு தெரியுது. ஆனா எரியற லைட்டு மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது. கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு சுவிட்சை அணைச்சதில்ல."

அரங்கம் சிரித்தது. ஆராய்ச்சியாரும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மச்சினன் காதருகே குனிந்தார். "இன்னிக்கு அணைச்சேனே. உங்கக்காவுக்குத் தெரியாது. எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் வந்தேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. எல்லாத்தையும். கூடத்து வரிசையில் விரல் ஓடிய ஓட்டம் கண்முன் வந்தது. டிவி, சார்ஜர், அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது.

பாதிச் சிரிப்பு முகத்தில் அப்படியே நிற்க, மீதி முகம் பேயறைந்ததுபோல ஆயிற்று. எழுந்து ஓடலாம் என்றால் கதவைச் சாத்திவிட்டார்கள். யாருக்காவது சொல்லலாம் என்றால் கையில் போன் இல்லை, வீட்டுச் சாவியோ அவர் சட்டைப்பையில். மேடையிலிருந்து மனைவி அவரைப் பார்த்துவிட்டாள். அவள் சிரிப்பும் சட்டென்று வாடியது. முதல் கேள்வி, தினம் அவள் கையில் கட்டுக்கட்டாகப் புரளும் ஒரு நகரத்தைப் பற்றியது. அவள் தப்பாகச் சொன்னாள்.

அப்புறம் சுதாரித்துக்கொண்டாள். ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாகச் சொல்லி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டாள். அரங்கம் கைதட்டியது, ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாரும் கை வலிக்கத் தட்டினார். தட்டத் தட்டத் துக்கம்தான் பொங்கியது. அவள் பேசிய பேச்சு, சிரித்த சிரிப்பு எல்லாம் காற்றோடு போயிற்று. ஊரில் யார் யாரோ பார்த்தார்கள், அவள் ஒருத்தியால்தான் பார்க்க முடியாது.

காரை மச்சினன் ஓட்டினான். பின்னிருக்கையில் மனைவி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஜன்னலைப் பார்த்தாள், ஆராய்ச்சியார் மறு ஜன்னலைப் பார்த்தார். "ஜெயிச்ச வண்டி மாதிரியா இருக்கு இது?" என்றான் மச்சினன்.

கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"நீ முதல்ல சொல்லு."

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள் மனைவி. "ஊர் பார்க்க உங்களைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சிரிக்க வெக்கணும்னு ஏதோ சொல்லிட்டேன். உங்க மூஞ்சியைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவ்வளவு தூரம் மனசு நொந்துடுச்சேன்னு..."

"அய்யோ, அதுக்கில்லம்மா" என்றார் ஆராய்ச்சியார். "நீ சொன்னது சரிதான். நேத்து வரைக்கும் சரி. இன்னிக்கு எல்லாத்தையும் அணைச்சுட்டேன். உனக்குப் பிடிக்குமேன்னு. கூடத்துல இருக்கிறதையும் சேர்த்து."

மனைவி முழுதாக அவர் பக்கம் திரும்பினாள்.

"பெட்டியோட சுவிட்சையுமா?"

"அதையுந்தான்."

மனைவி கோப்பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று ஆராய்ச்சியார் நடுங்கினார். அவள் சிரித்தாள். அடக்க முடியாமல், கோப்பை மடியில் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இத்தனை வருஷமா கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. இன்னிக்குத்தானா உங்களுக்கு ஞானம் வரணும்?"

மச்சினன் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஆராய்ச்சியார் அசடு வழிந்தார். ஆனால் மனசுக்குள் ஆறவில்லை. அவள் சிரித்துவிட்டாள் என்பதற்காக அவளுக்கு ஆசை இல்லை என்று ஆகிவிடுமா?

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் கூடத்துச் சுவருக்குப் போனார். அணைந்துதான் இருந்தது. போட்டார். இனிமேல் போட்டு என்ன பயன் என்று நினைத்துக்கொண்டே டிவியையும் கணினியையும் உயிர்ப்பித்தார். பதிவுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தார். வானிலைச் செய்தி ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஊருக்கே கண் பார்க்கிறவருக்குத் தன் கண்மேல் நம்பிக்கை வரவில்லை.

"பேட்டரி" என்றார் மெதுவாக. "தூங்கறப்போ அதுக்குச் சொட்டு மின்சாரம் போதும். காலையிலேருந்து பேட்டரியிலயே தூங்கியிருக்கு. நேரத்துக்கு எழுந்திருக்கு. மிச்சம் இருந்த வரைக்கும் பதிவு பண்ணிட்டு நின்னிருக்கு."

"கத்தவே இல்லையே?" என்றான் மச்சினன்.

"வாயை நான்தான் அடைச்சேனே."

போட்டார்கள். இசை வந்தது, நீல விளக்கு வந்தது. மனைவி சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். திரையில் அவள் முகம் பெரிதாக வந்தபோது கூடத்தில் இருந்தவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நான் இப்படியா சிரிப்பேன்?" என்றாள். "பரவாயில்லையே. நல்லாத்தான் இருக்கு."

அவள் பேசத் தொடங்கியதும் கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. இரண்டாம் வரிசையில் ஆராய்ச்சியார். கேமரா தன்னைப் பார்த்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, அவள் சொல்வதற்கெல்லாம் தன் உதட்டையும் சேர்த்து அசைத்துக்கொண்டு, உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லாத மாதிரி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவிட்சு வேடிக்கை, அரங்கத்தின் சிரிப்பு, மறுபடி அவர். மச்சினன் பக்கம் குனிகிறார், நிமிர்கிறார், சிரிப்பு பாதியில் உறைகிறது. மச்சினன் தரையில் விழுந்து உருண்டான். தொகுப்பாளர் முதல் கேள்விக்காக வாயைத் திறந்தார். அத்தோடு பதிவு நின்றது.

"முடிஞ்சு போச்சா?" என்றாள் மனைவி.

"அவ்வளவுதாம்மா தாங்கிச்சு" என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு. "நீ பதில் சொன்னது ஒண்ணுமே இல்ல."

"அந்தத் தப்பான பதிலும் இல்லைல? என் மானத்தைக் காப்பாத்தின பேட்டரி. பின்னாடி போங்க."

"நீ பேசறதுக்கா?"

"இல்ல. முதல் தடவை நீங்க வர்ற இடம்."

அவர் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கழுத்தை நீட்டிக்கொண்டு உதடசைக்கும் அந்த முகத்தில் படம் நின்றது. மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பேசறப்போ நீங்க இப்படித்தான் பார்ப்பீங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? என் மூஞ்சி எனக்குத் தெரியாதே" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

கோப்பை வந்த சந்தோஷத்துக்கு வெளியில் போய்ச் சாப்பிடலாம் என்று மூவரும் கிளம்பினார்கள். மச்சினன் கீழே வண்டியை எடுக்கப் போனான். மனைவி வழக்கம்போல அறை அறையாக அணைத்துக்கொண்டு வந்தாள். கூடத்துக்கு வந்து, விரல் வரிசையில் ஓடி, டிவியை அணைத்து, சார்ஜரை அணைத்து, அதற்கு அடுத்த சுவிட்சின்மேல் நின்றது. நின்ற விரலை அவள் எடுத்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டும்" என்றாள்.

அந்த வீட்டில் மன்னிப்புக் கிடைத்த முதல் சுவிட்ச் அதுதான். ஆராய்ச்சியார் நெகிழ்ந்துபோய், குளியலறையில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"குளியலறை லைட்டை யார் அணைக்கிறதாம்?"

"மறந்துட்டேம்மா" என்று செருப்போடு உள்ளே ஓடினார்.